ஆறாம் அத்தியாயத்தில் அரளி

“அவனைக் கொன்னுட வேண்டியதுதான்!”

சொன்னவள் கமலவேணி. அவள் காலடியில் அரிவாள்மனை.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த அமிர்தலிங்கம் கதவைத் தள்ளப் போன கையை இழுத்துக்கொண்டார். காரணம்... கமலவேணி அவருடைய தர்மபத்தினி!

“எப்புடிக்கா? கத்தியாலயா?” கேட்டவள் அடுத்த வீட்டு ரெங்கம்மாள். குரலில் அப்படி ஓர் ஆசை!

“கத்தியா? ரத்தத்த யாருடி கழுவுறது? நேத்துதான் சாணி போட்டு மொழுவினேன்.”

“அப்ப கெணத்துல தள்ளிடலாமா?”

“குடிக்கிற தண்ணிடி! அரளிதான் சரி. வத்தக்கொழம்புல போட்டா ருசி தெரியாது. வெள்ளிக்கெழம ஆனா பொய் சொல்லிட்டு எவ வூட்டுக்கோ போறானே... அந்த நாக்குக்கு ருசி ஒரு கேடா?”

அமிர்தலிங்கம் மெல்ல விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். செவ்வாய்... புதன்... வியாழன்...

இன்று வெள்ளிக்கிழமை!

அமிர்தலிங்கம் அரியலூரில் பருத்தித் தரகர். வெள்ளிக்கிழமை தவறாமல் பெரம்பலூருக்குப் பருத்தி பார்க்கப் போவார். செடியில் காயே இல்லாத மாதத்திலும் பார்ப்பார். அந்தப் பருத்தியின் பெயர் சுந்தராம்பாள்.

அன்றைக்கும் கிளம்பத்தான் செய்தார். இரண்டாம் உலகச் சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது. கரி போட்டு ஓட்டுகிற பஸ், குன்னம் வருவதற்கு முன்பே புகையோடு சேர்த்து மூச்சையும் விட்டுவிட்டது. மாட்டு வண்டி பிடித்துத் திரும்பி வந்த மனுஷருக்குத்தான் இந்த வரவேற்பு!

கையிலிருந்த குடை நழுவியது.

தொப்!

“யாரது?... அட, நீங்களா! பருத்தி பாக்கப் போவலியா?”

“பஸ்ஸு... நின்னு போச்சு. யார... யாரக் கொல்லப் போறீங்க?”

இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

“கதைங்க!” என்றாள் கமலவேணி. “வாரப் பத்திரிகையில ‘துரோகியின் இலை’ன்னு தொடர்கதை வருது. எனக்குத்தான் எழுத்து தெரியாதே... ரெங்கம்மா வாசிச்சுச் சொல்லுவா. அதுல ஒருத்தன் பொண்டாட்டிய ஏமாத்திட்டு வெள்ளிக்கெழமயானா இன்னொருத்தி வூட்டுக்குப் போயிட்டு வர்றான். அஞ்சாம் அத்தியாயத்துல பொண்டாட்டிக்குத் தெரிஞ்சு போச்சு! இனிமே அவ என்ன செய்வான்னு பேசிக்கிட்டிருந்தோம்.”

“கதையா!”

அமிர்தலிங்கம் தேவைக்கு மேலேயே சிரித்தார். அன்று மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வாரம் ஓர் அத்தியாயம். இலையில் சோறு விழும்போதே கதையும் விழும். பதினெட்டு வருஷத்தில் ‘உப்பு கொண்டா’ என்பதைத் தாண்டி மனைவியிடம் பேசாதவர், இப்போது அவரே ஆரம்பித்தார்.

“அப்பறம் என்ன ஆச்சு?”

“அவளுக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாதுங்க. சிரிச்சுக்கிட்டே சோறு போடுறா. காலையில எந்திரிச்சதும் அரளிச் செடிக்குத் தண்ணி ஊத்துறா.”

“பாவம், அந்த ஆளு! நாலு எடத்துக்குப் போற வர்ற ஆம்பள... ஏதோ கால் வழுக்கிருச்சு.”

“வெள்ளிக்கெழம மட்டுந்தான் வழுக்குமா?”

அமிர்தலிங்கத்துக்கு மோர் புரையேறியது. கமலவேணி தலையில் தட்டிக்கொடுத்தாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாளோ என்று அவருக்குச் சந்தேகம்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதையைப் பெரம்பலூருக்கும் கொண்டுபோனார். சுந்தராம்பாளாவது கதாநாயகனுக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவாள் என்று நம்பினார்.

சுந்தராம்பாள் அவர் வாங்கிவந்த மல்லிகையைத் தலையில் சொருகிக்கொண்டே யோசித்தாள்.

“கொழம்புல போட்டா கசக்குமே... பாயசத்துல போடச் சொல்லுங்க.”

“அடிப்பாவி! நீ யார் பக்கம்?”

“கதைதானே? அதுக்கு ஏன் உங்களுக்கு இப்புடி வேர்க்குது?”

நியாயமான கேள்வி. அமிர்தலிங்கம் அன்று அவள் கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் திரும்பினார்.

ஆனால், உண்மையான இடி பிறகுதான் விழுந்தது.

“இந்த வாரம் பிரமாதங்க!” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள் கமலவேணி. “அவன் அவளுக்கு மல்லிப்பூ வாங்கிட்டுப் போறான். ஊர் கண்ணுல படக் கூடாதுல்ல? அதனால... மடக்குன குடைக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போறான்!”

அமிர்தலிங்கத்தின் கை பாதி வழியில் நின்றது. விரலிடுக்கில் ரசம் ஒழுகியது.

குடைக்குள் மல்லிகைப்பூ! அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்லவா! எவன் அந்த எழுத்தாளன்? கரி பஸ்ஸில் தனக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறானா?

மறுநாள் பகல் பதினொன்றரை மணி. அரியலூர் ரயிலடிக்கு எதிரே வெள்ளைச்சாமியின் வெற்றிலைபாக்குக் கடை. பத்திரிகைகளுக்கு ஏஜெண்டும் அவன்தான்.

“‘துரோகியின் இலை’ வர்ற பத்திரிகைய எடு. இந்த வாரத்துது.”

வெள்ளைச்சாமி பாக்கு வெட்டுவதை நிறுத்தினான்.

“இந்த வாரமா? எந்த ஊர்ல இருக்கீங்க? பேப்பர் கண்ட்ரோல் வந்து, காயிதம் கெடைக்காம அந்தப் பத்திரிகை நின்னே ரெண்டு மாசம் ஆவுதுங்களே!”

“என்னது?!”

“அஞ்சாம் அத்தியாயத்தோட சரி. ஆறாம் அத்தியாயம் அச்சே ஆவல. ஏன், உங்க வூட்டு அம்மாவுக்குத் தெரியுமே! அடுத்த வூட்டு ரெங்கம்மாவ நாலு தடவ அனுப்பிக் கேட்டாங்க. இனிமே வராதுன்னு சொல்லிட்டேனே...”

கடை, ரயிலடி, வெள்ளைச்சாமி எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன.

ஐந்தாம் அத்தியாயம்... பெண்டாட்டிக்குத் தெரிந்துபோன அத்தியாயம்! ஆறாவது அச்சாகவே இல்லை என்றால், இரண்டு மாதமாகத் தன் இலையில் பரிமாறப்பட்டது யாருடைய கதை?

ஓடினார். நாற்பத்திரண்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அமிர்தலிங்கம் ஓடிய ஓட்டத்தை அரியலூர் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

கொல்லைப்புறமாக நுழைந்தார். முதலில் கிணற்றடியில் நின்ற தங்கள் வீட்டு அரளிச் செடியைப் பார்த்தார்.

நேற்றுவரை பூத்துக் குலுங்கிய செடி... மொட்டையாக நின்றது!

“வந்துட்டீங்களா? உக்காருங்க, இலை போட்டாச்சு,” என்று உள்ளேயிருந்து தேனாகக் கூப்பிட்டாள் கமலவேணி. “இன்னைக்கு வத்தக்கொழம்பு!”

அவ்வளவுதான். அமிர்தலிங்கம் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. விழுந்தார்.

“கமலவேணி! என்னக் கொன்னுடாத!”

கரண்டியோடு அப்படியே நின்றாள் அவள்.

“பெரம்பலூர்ல பருத்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! சுந்தராம்பாள்னு ஒருத்தி... மூணு வருசமா... குடையில பூ வெச்சு எடுத்துட்டுப் போனதும் நெசந்தான்! இனிமே அந்தத் தெசைக்கே போவ மாட்டேன். எல்லாம் தெரிஞ்சுதானே நீ வாரா வாரம் கதையாச் சொன்னே?”

கமலவேணி மெதுவாக உட்கார்ந்தாள். அவர் இலையிலிருந்த சோற்றில் குழம்பை ஊற்றினாள். பிசைந்தாள். புருஷன் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு நாளும் சாப்பிடாதவள், ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டாள்.

இன்னொரு வாய்.

சாகவில்லை!

“எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க,” என்றாள். குரல் உடைந்திருந்தது.

“பின்ன... கதை?”

“பத்திரிகை நின்னு போச்சு. கதை அந்தரத்துல தொங்குதேன்னு நாங்களே மேல மேல கட்டிக்கிட்டிருந்தோம். நீங்களும் ஆசையாக் கேட்டீங்க. கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து நான் பேசி நீங்க உக்காந்து கேட்டது அது ஒண்ணுதான். பத்திரிகை நின்னு போச்சுன்னு சொன்னா, நீங்க கேக்கறதும் நின்னு போயிடுமேன்னு... மறைச்சுட்டேன்.”

வெட்கம் என்ற ஒன்று அமிர்தலிங்கத்துக்கும் இருந்தது. அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அது வெளியே வந்தது.

“கு... குடை?”

“காய வெக்கறப்ப உள்ளார ரெண்டு மல்லிப்பூ கெடந்துச்சு. ரெங்கம்மா அத வெச்சு ஒரு அத்தியாயம் கட்டுனா. அத்தோட நிக்காம, ‘உங்க வூட்டுக்காரரும் அப்புடித்தானோக்கா’ன்னு கேட்டுட்டா. அவர அப்புடிச் சொல்லாதடின்னு சண்ட போட்டு, நேத்துலேருந்து அவகூடப் பேச்சே இல்ல.”

“அந்த அரளி...?”

“புள்ளையாருக்கு. நீங்க நல்லா இருக்கணும்னு.”



அமிர்தலிங்கத்துக்கு முதலில் வந்தது நிம்மதி. விஷம் இல்லை! அதற்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. ஒன்றும் தெரியாமல் இருந்தவளிடம், யாரும் கேட்காமலே, ஊர், பெயர், வருஷக் கணக்கோடு ஒப்பித்துவிட்டோமே!

இதுவரை குழம்பு சுத்தம். இனிமேல்?

அவசரமாக இலையைத் தன் பக்கம் இழுத்தார்.

“எனக்கு... இதே கொழம்பு போதும். இதையே ஊத்து!”

கமலவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழம்புச் சட்டியை அவர் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். இப்போது அவள் முகத்தில் அழுகை இல்லை.

“இது ஆறிப் போச்சுங்க. கொஞ்சம் பொறுங்க... உங்களுக்குன்னு தனியா வெச்சு எடுத்தாரேன்.”

எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். சுவருக்கு மேலே எட்டிக் குரல் கொடுத்தாள்.

“ஏ ரெங்கம்மா! கோவத்த வுடுடி... உங்க வூட்டு அரளி காய்ச்சிருக்கா? கதைய முடிச்சுடலாம், வா!”