இரண்டரை விநாடி

கம்பிவலையின் இடுக்கில் அவள் நழுவவிட்ட நட்டு இன்னும் தரையைத் தொட்டிருக்கவில்லை.

குடிவராத எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட் பொருத்தும் அவளையும், கூட வேலை பார்க்கும் அவளுடைய தம்பியையும் தவிர உள்ளே ஒருவருமில்லை. மதியம் மின்சாரம் நின்றபோது, கூண்டு அவளோடு ஏதோ இரு மாடிகளுக்கிடையே சிக்கிக்கொண்டது, கதவு அசையவில்லை. பக்கச்சுவர் பொருத்தப்படாத இடத்தில் தடித்த கம்பிவலை. அதற்கப்பால், இரண்டாவது லிஃப்டுக்காக விடப்பட்ட வெற்றுக்குழி, ஈரச் சிமெண்டும் கிரீஸும் கலந்த வாடையோடு, அவளுடைய கைவிளக்கின் ஒளியை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. எந்த மாடியருகே நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் தம்பி அங்கே ஏறிவந்து கதவைத் திறக்க முடியும். அதற்காகத்தான் நட்டைப் போட்டாள். எந்த மாடியிலிருந்து விழுந்தால் எத்தனை நேரம் ஆகும் என்று கணக்கிடும் நிரலொன்றை அவளே தன் கால்குலேட்டரில் எழுதி வைத்திருந்தாள். மூன்றாம் மாடியென்றால் ஒன்றரை விநாடி. உச்சியிலிருந்து விழுந்தாலும் இரண்டரையைத் தாண்டாது.

ஒரு நிமிடம் கழிந்திருந்தது. வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"விழுந்துச்சாடா?"

"இல்லக்கா. கீழ குழிக் கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு, காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"விளையாடாத."

"நான் எங்க விளையாடுறேன்? உன் கால்குலேட்டர்தான் விளையாடுது. அதுக்கு பேட்டரி மாத்தி எத்தன வருஷமாச்சு?"

அவள் சிரிக்க வாயெடுத்தாள். கம்பிவலையில் 'டிங்' என்று எதுவோ உரசிச் சென்றது.

மேலிருந்து.

விளக்கை உயர்த்தினாள். குழியின் கூரை தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. சற்று நேரத்தில் மறுபடியும் 'டிங்'. பழக்கத்தில் விரல்கள் கால்குலேட்டரில் இடைவெளியைக் குறித்துக்கொண்டன. அடுத்த இடைவெளி அதைவிடக் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. அவள் போட்ட அதே நட்டு, விழுந்துமுடியாமல், வேகம் கூடியபடி திரும்பத் திரும்ப அவளைக் கடந்துகொண்டிருந்தது.

"டேய், குழிகிட்ட நிக்காத. தள்ளிப் போ."

"இருக்கா, டார்ச் அடிச்சுப் பாக்குறேன். தரையவே காணோமே… நேத்து நாமதானே இங்க கூட்டிப் பெருக்குனோம்?"

"சொன்னாக் கேளுடா! தலைய நீட்டாத!"

செருப்பு வழுக்கும் ஓசை.

"அக்கா!"

குரல் கீழ்நோக்கித் தேய்ந்து மறைந்தது. கம்பிகளைப் பற்றியபடி அவள் காத்திருந்தாள், கேட்கக்கூடாத அந்த ஒற்றை ஓசைக்காக. ஒன்றரை விநாடி. இரண்டரை. ஓசை வரவில்லை. வாக்கி டாக்கியில் காற்றின் இரைச்சல் மட்டும் ஓயாமல் கேட்டது. எங்கேயாவது தொற்றிக்கொண்டிருப்பான். கெட்டிக்காரன். அவனுக்கு ஒன்றும் ஆகாது.

வெகு உயரத்தில், மெல்லியதாக:

"அக்கா!"

சட்டை படபடக்க, வியர்வையும் கிரீஸும் மணக்க, அவன் அவளைக் கடந்து போனான். கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தான்.

மறுபடியும். இம்முறை விரைவில்.

மறுபடியும். "அக்—"

அதன்பின் குரலில்லை. காற்று மட்டும்.

வலையை உலுக்கினாள். உதைத்தாள். பற்களால் கடித்தாள். மூலையில் ஒரு கம்பி மட்டும் சற்று வளைந்தது. தோல் கிழியத் தோள்வரை கையை நுழைத்தாள். இனி கையைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. மறு கையிலிருந்த கால்குலேட்டர், அவன் அடுத்து வரும் நேரத்தைக் காட்டியது. வேகத்தையும் காட்டியது. அந்த வேகத்தில் அவனைத் தொட்டால் இருவரில் யாருக்கும் கை மிஞ்சாது.

உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

மேலே காற்று இரைந்தது.