ஒரே மகள்

பள்ளிகொண்டா தாண்டி சர்வீஸ் ரோட்டில் பஸ் நின்றதும் பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். உப்புப் போட்ட பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து ஊறும் நாற்றம். எங்கள் ஊர் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அரைநாள் வேலை என்றுதான் வந்திருந்தேன். சென்னையில் ஹாஸ்டலில் கிடந்து படித்து, அரசுத் தேர்வில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை பாஸாகியிருந்தேன். இளநிலை உதவியாளர். எங்கள் வம்சத்தில் மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரப் போகிற முதல் ஆள் நான். சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிறப்புச் சான்று மட்டும் மடிப்பில் கிழிந்து எழுத்தெல்லாம் அழிந்துபோயிருந்தது. புது நகல் ஒன்று வாங்கினால் முடிந்தது.

நகராட்சியின் பிறப்பு இறப்புப் பிரிவில் காசிநாதன் என்ற எழுத்தர் இருந்தார். கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தட்டினார்.

"உம் பேர் இன்னாம்மா?"

"சங்கீதா. அப்பா சின்னசாமி, அம்மா கோவிந்தம்மாள்."

"எல்லாம் சரியாத்தான் கீது. ஆனா இந்தப் பாப்பா செத்துப்போச்சே."

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சங்கீதா, பெண், தந்தை சின்னசாமி, தாய் கோவிந்தம்மாள், டேனரி லைன் வீடுகள். பிறந்த தேதி என் மார்க் ஷீட்டில் இருக்கிற அதே தேதி. அதற்குக் கீழே இறந்த தேதி. வயது நான்கு. காரணம், காய்ச்சல்.

"நீ மனுஷிதான? கால் தரையில பாவுதா?" என்றார் காசிநாதன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர் குனிந்து என் காலைப் பார்க்கவே செய்தார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அங்கே வரவில்லை.

எங்கள் வீடு லைனில் கடைசி. ஒரு அறை, ஒரு சமையலறை, பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, ஒரு சந்து, அப்புறம் டேனரி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் மர டிரம்கள் நாளெல்லாம் சுழலும். அந்த அதிர்வு தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறும். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. கையும் நிற்கவில்லை.

"உனக்கு முன்னால ஒருத்தி இருந்தா."

"அவ பேரும் சங்கீதாவா?"

"அவ பேருதான் சங்கீதா. அவளே திரும்பி வந்துட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. அதையே உனக்கு வெச்சோம்."

"எப்படிச் செத்தா?"

அம்மா முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "உன்ன வயித்துல வெச்சிக்கினு சுண்ணாம்புக் குழியில வேல. புள்ளய பாத்துக்க ஆள் இல்ல, கூடவே இட்டுக்கினு போவேன். வழியெல்லாம் என் வயித்துல காத வெச்சி 'பாப்பா, பாப்பா'ன்னு உன்னக் கூப்புடுவா. அன்னிக்கி ஓரமா உக்கார வெச்சிட்டு தோலு இழுத்துக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா இல்ல. ராவெல்லாம் ஊரு பூரா தேடினோம். மறுநா குழியிலேர்ந்து தோல எடுக்கறப்போ தோலோட தோலா வந்தா."

சுண்ணாம்புக் குழி எதற்கு என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தோலிலிருந்து மயிரை எடுப்பதற்கு.

"டேனரி ஆளுங்களே காய்ச்சல்னு எழுதிப் பதிவு பண்ணாங்க. அன்னிக்கே பொதச்சிட்டாங்க. உங்கப்பன் செத்துப்போற வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசல. நீ ஊட்லயே பொறந்த, உனக்கு எங்கயும் பதிவு கெடையாது. ஸ்கூல்ல சேக்கறப்போ சர்ட்டிபிகேட் கேட்டாங்க. ஊட்ல ஒண்ணு இருந்துச்சி. பேரும் அதே பேரு. குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். எல்லா வகுப்பிலும் பதிவேட்டில் வயதில் மூத்தவளாகவும் வரிசையில் எல்லோரையும்விடக் குள்ளமாகவும் நான் இருந்த காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது, பி.காம்., எல்லாமே ஒரு செத்த குழந்தையின் பிறந்தநாளில் வாங்கியது. அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கத்தி முடித்த பிறகு உள்ளே எதுவும் மிச்சமில்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

மறுநாள் காசிநாதனிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நெஜத்த எழுதினா உன் சர்ட்டிபிகேட் அத்தனையும் வேற ஆளோடது ஆயிடும். வேல போச்சி. இன்னொரு வழி கீது. எனக்கு ஒரே பொண்ணு, அவ உயிரோட இருக்கா, இந்த இறப்புப் பதிவு தப்பா ஏறிப்போச்சின்னு உங்கம்மா மனு குடுக்கட்டும். நான் வந்து அக்கம்பக்கம் விசாரிச்சி எழுதறேன். ரத்து பண்ணிடலாம். யாருக்கு இன்னா நஷ்டம், சொல்லு?"

மனுவை நானே எழுதினேன். எனக்கு ஒரே மகள். அவள் இறக்கவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாட்டேன் என்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ அவ சாவலன்னு கவர்மெண்டே சொல்லிடுமா?"

"ஆமா. கையெழுத்துப் போடு."

அம்மா சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வாரம் காசிநாதன் விசாரணைக்கு வந்தார். லைனில் பழைய ஆட்களிடம் எல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஜஹீதாவிடம் மட்டும் சொல்லவில்லை. வாணியம்பாடியிலிருந்து குடிவந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அவளுக்குப் பழைய கதை எப்படித் தெரியும்? வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த அம்மாவுக்கு எத்தினி பசங்கம்மா?" என்றார் காசிநாதன்.

"ரெண்டு பொண்ணு சார்."

காசிநாதனின் பேனா நின்றது.

"ரெண்டா?"

"ஆமா சார். படிச்ச பொண்ணு இது. சின்னது ஒண்ணு கீதே, மொட்ட அடிச்சது. போன வாரத்துலேர்ந்து கீது. மத்தியானம் ஆனா பின்னால படியில உக்காந்துக்கும். பிஸ்கட் குடுத்தா வாங்காது, கூப்ட்டா திரும்பாது. திருப்பதியில மொட்ட போட்டாங்க போலன்னு நெனச்சேன்." ஊசியை இழுத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா புருவத்தக்கூடவா செரைப்பாங்க? கண்ணுல இமைமுடிகூட இல்ல சார், பாவம்."

வெயில் நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா சாதாரணமாகச் சொன்னாள். "சொந்தக்காரப் புள்ள சார். வந்து போவும்."

காசிநாதன் தலையாட்டி எழுதிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"யாரும்மா அது?"

"உங்கக்கா. வேற யாரு?"

"அவ செத்துட்டா."

"நீதான எழுதின, சாவலன்னு." கையை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் பின்கதவைத் தாழிட்டேன். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். ஜஹீதாவுக்குக் கண்ணில் கோளாறு, அம்மாவுக்குப் புத்தியில் கோளாறு. பி.காம். படித்தவள் நான். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று எனக்கே நிரூபித்துவிட வேண்டும்.

மதிலுக்கு அப்பால் டிரம்கள் சுழன்றுகொண்டிருந்தன. சாப்பாட்டு நேரத்துக்கு அவற்றை நிறுத்துவார்கள். ஒவ்வொன்றாக நின்றது. கடைசி டிரம் முனகி நின்றபோது தரை செத்துப்போன மாதிரி இருந்தது. காக்காய்கூடக் கத்தவில்லை. சந்தில் வெயில் மட்டும் இருந்தது. கதவிடுக்கு வழியாக அது ஒரு கோடாக என் தொடையில் விழுந்திருந்தது.

சுண்ணாம்பு வாசனை வந்தது. ஊரில் எப்போதும் இருக்கிறதுதான். ஆனால் இது பக்கத்தில் வந்தது.

ஈரமான ஏதோ ஒன்று படியில் ஏறியது.

முதல் படி.

இரண்டாவது படி.

தொடையில் விழுந்திருந்த வெளிச்சக் கோடு அணைந்தது.

என் தோளுக்கு நேராக, கதவின் அந்தப் பக்கத்தில், ஏதோ சாய்ந்தது. கனமே இல்லை. சின்னப் பிள்ளைகள் காதை வைத்துக் கேட்பார்களே, அப்படி.

"பாப்பா."

தாழ்ப்பாளை நிமிர்ந்து பார்த்தேன்.

"பாப்பா, கதவத் தொற."

அப்போது என் போன் அடித்தது. காசிநாதன்.

"நாளைக்கி அதிகாரி கையெழுத்துப் போடுறாரும்மா. ரத்தாயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஏதாச்சும் மாத்தணும்னா இப்பவே சொல்லிடு."

கதவுக்கு அந்தப் பக்கம் அது கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேணாம் சார், மனுவைக் கிழித்துப் போடுங்கள், என் அக்கா செத்துதான் போனாள். அதோடு என் பட்டமும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். நானும் மதிலுக்கு அந்தப் பக்கம் தோல் இழுக்கப் போயிருப்பேன்.

"எதுவும் மாத்த வேணாம் சார். போட்டுடுங்க."

கதவில் சாய்ந்திருந்தது விலகியது. வெளிச்சக் கோடு திரும்ப வந்து தொடையில் விழுந்தது. மதிலுக்கு அப்பால் முதல் டிரம் சுழல ஆரம்பித்தது. அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. எழுந்து சோறு போட்டுத் தின்றேன்.

இறப்புப் பதிவு ரத்தானது. புது பிறப்புச் சான்று கிடைத்தது. சரிபார்ப்பில் யாரும் எதையும் கேட்கவில்லை. திருப்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் போட்டார்கள். கிளம்பும்போது அம்மாவை என்னோடு வரச் சொன்னேன்.

"நான் எப்டி வர்றது? புள்ளய யார் பாத்துக்குவா?"

நான் சண்டை போடவில்லை. "வேலதான் கெடச்சிடுச்சே, அந்த சர்ட்டிபிகேட் இங்கயே இருக்கட்டும், நான் வெச்சிக்கறேன்" என்றாள் அம்மா. என்னிடம் நகல்கள் இருந்தன. கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மேசை, நாற்காலி, மின்விசிறி. என்னை எல்லோரும் மேடம் என்றார்கள். வாரக் கடைசிகளில் ஊருக்குப் போகாமலிருக்கக் காரணங்கள் கண்டுபிடித்தேன். போனில் அம்மா நன்றாகப் பேசினாள். குரலில் பத்து வயது குறைந்திருந்தது. என்னிடம் பேசிக்கொண்டே நடுவில் போனைப் பொத்திக்கொண்டு வேறு யாரையோ அதட்டுவாள். யார் என்று நான் கேட்டதில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, அலுவலகத்தில் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வணக்கம்மா, நான் ஹெச்.எம். ஆரோக்கியமேரி பேசறேன்." எங்கள் ஊர்ப் பள்ளியின் பெயரைச் சொன்னார். "கோவிந்தம்மாங்கிறவங்க உங்க நம்பரக் குடுத்தாங்க. ஒண்ணாம் வகுப்பு அட்மிஷனுக்கு வந்திருக்காங்க."

"யாருக்கு?"

"அவங்க பொண்ணுக்காம். எனக்கும் ஒண்ணும் புரியல. அம்பது வயசுப் பொம்பளைக்கி இத்துணூண்டு பொண்ணு. சர்ட்டிபிகேட்ல தொண்ணூத்தெட்டுன்னு போட்டிருக்கு. சீல், கையெழுத்து எல்லாம் ஒரிஜினல். இந்த வருஷம்தான் வாங்கியிருக்காங்க. வருஷத்த தப்பா அடிச்சிட்டாங்களா?"

கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தேன்.

"புள்ள நல்ல புள்ளம்மா. தலைக்கி மேல கையச் சுத்திக் காதத் தொடச் சொன்னேன், தொட்டுச்சி. பேர் கேட்டேன், கரெக்டா சொல்லுது. ஒடம்புதான் சில்லுனு கீது, டாக்டர் கிட்ட காட்டுங்க. ஆமா, நீங்க இந்தப் புள்ளைக்கி இன்னா வேணும்?"

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒருத்தி அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஹலோ? ஹலோ?" என்றார் ஹெச்.எம். பிறகு போனை எங்கேயோ வைத்தார். தூரத்தில் அம்மா சிரிப்பது கேட்டது.

அதற்கும் கிட்டத்தில், போனை ஒட்டினாற்போல், யாரோ சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக, அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக.