ஓர் இடத்தில் மட்டும் உப்பிய பேட்டரி

பேட்டரி உப்புவது புதிதில்லை. சூடு ஏறினால், சார்ஜர் அளவுக்கு மீறிக் கொடுத்தால், மூடி முத்திரை போட்ட பேட்டரியின் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கும். பட்டறையில் பேட்டரி சோதிக்கிற இந்த இருபது வருடத்தில் மீட்டர் அப்படி எத்தனையோ பார்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறார். ஆனால் மேசைக்கு அடியில் சாக்கால் மூடி வைத்திருந்த இந்தப் பேட்டரி ஒரே ஓர் இடத்தில்தான் உப்பியிருந்தது. கட்டைவிரல் அளவுக்கு. நேற்று அது இல்லை.

எல்லோரும் அவரை மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் வோல்ட் மீட்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒயர் இரண்டையும் முனைகளில் வைப்பார், பன்னிரண்டே முக்கால் வோல்ட் காட்டும், 'நல்லது' என்று சீட்டு ஒட்டுவார். அது முறையல்ல என்று அவருக்குத் தெரியும். பல்பை மாட்டி அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். சும்மா கிடக்கும்போது செத்த பேட்டரிகூட மீட்டரில் முழுசாகத்தான் காட்டும். வேலை கொடுத்தால்தான் அதன் யோக்கியதை வெளியே வரும். இந்த வகைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சாய்த்து வைத்தாலும் ஆசிட் ஒழுகாது. அதனாலேயே மாட்டியவனும் மறந்துவிடுவான், பார்க்க வந்தவனும் மறந்துவிடுவான்.

மேசைக்கு அடியில் இருந்தது குளிர்கிடங்கின் பேட்டரி. குளிரறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு உள்ளே ஒரு பொத்தான், வெளியே ஒரு மணி. கரண்ட் போனாலும் மணி அடிக்கத்தான் அந்தப் பேட்டரி. பதினோரு நாளுக்கு முன் கரண்ட் போனது, கதவுப் பூட்டு உறைந்து இறுகிக்கொண்டது, உள்ளே மீன்பெட்டி அடுக்குகிறவன் இருந்தான். மணி அடிக்கவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகும் மீட்டர் பல்பைத் தொடவில்லை. இப்போது தொட்டால், இத்தனை நாள் ஏன் தொடவில்லை என்று ஒருவனாவது கேட்பான். சோதனைக்கு வந்து அலமாரியில் இருந்த இருபத்திரண்டு பேட்டரிக்கும் ஒயரை வைத்தார், சீட்டை ஒட்டினார். நாலு மணிக்கு வேன் வரும். இருபத்திரண்டும் அதனதன் கட்டடத்துக்குப் போய்விடும். குளிர்கிடங்கினுடையது ஈயம் உருக்குகிறவனிடம் போய்விடும். அதோடு தீர்ந்தது.

மூன்றரைக்கு வாசலில் நிழல் விழுந்தது. செத்தவனின் பெண்டாட்டி.

"உள்ள வரலாமாண்ணே?"

"வாம்மா. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு, பொத்தானை அழுத்தவே இல்லன்னு ரிப்போர்ட்டுல எழுதியிருக்காங்க. நெசமாண்ணே?"

"பேட்டரி நல்லாதாம்மா இருந்துச்சு."

"நான் பேட்டரியக் கேக்கல. அவரக் கேக்கறேன்." அவள் லேசாகச் சிரித்தாள், அழுகைக்குப் பதிலாக. "வீட்டுல அலாரம் தலமாட்டுல கத்துனாலும் எந்திரிக்காத ஆளுதான். ஆனா கொஞ்சம் குளுந்தா போதும், என் போர்வையயும் சேத்து இழுத்துப்பாரு. அவராண்ணே அந்தக் குளிருல தூங்கியிருப்பாரு?"

மீட்டர் தரையைப் பார்த்தார். குளிரறைக் கதவைத் திறந்தபோது அவரும் அங்கே இருந்தார். அவன் சுவரோடு சாய்ந்து நின்றபடியே விறைத்திருந்தான். கட்டைவிரல் பொத்தானில் ஒட்டியிருந்தது. கிடங்கு மேஸ்திரிதான் கையை இறக்கிவிட்டார். தோல் கொஞ்சம் பொத்தானிலேயே தங்கிவிட்டது. மேஸ்திரி மீட்டரைப் பார்த்தார், மீட்டர் மேஸ்திரியைப் பார்த்தார்.

"தூங்கித்தாம்மா இருந்தாரு," என்றார்.

"சரிண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்ததும் பட்டறைக்குள் தகரக்கூரையின் வெக்கையும், ஆசிட்டின் புளித்த நெடியும், கூடவே எங்கிருந்தோ அழுகிய முட்டை வாடையும் கனத்து நிற்க, மேசைக்கு அடியிலிருந்து, தகர டப்பாவின் மூடியை யாரோ விரலால் அமுக்கி அமுக்கி விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

டொக். டொக்.

குனிந்து சாக்கை விலக்கினார். உப்பல் எழுந்தது, அமிழ்ந்தது. மறுபடி எழுந்தது. உள்ளிருக்கும் காற்று, என்று சொல்லிக்கொண்டார். மேலே வால்வு இருக்கிறது, அழுத்தம் ஏறினால் அதுவே திறந்துவிடும். தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அமுக்கினார். பிளாஸ்டிக் ஐஸாகச் சுட்டது. உள்ளே போனது.

பிறகு, உள்ளிருந்து, அவர் விரலைத் தள்ளியது. பொறுமையாக.

கையை இழுத்துக்கொண்டார்.

டொக்.

இது மேசைக்கு அடியிலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னால். அலமாரி.

டொக். டொக். டொக்.

திரும்பினார். பிரசவ ஆஸ்பத்திரியின் விளக்குக்குப் போகிற பேட்டரி. கறுப்புப் பக்கத்தில் ஓர் உப்பல். மாடிக் கட்டடத்து லிஃப்டுக்குப் போகிறது. இரண்டு. ஒன்று பெரியது. ஒன்றில் நகத்தின் விளிம்புகூடத் தெரிந்தது. எல்லாவற்றின் நெற்றியிலும் அவர் கையெழுத்து. நல்லது. நல்லது. நல்லது.

கீழ்த்தட்டு. பள்ளிக்கூடத்து லிஃப்ட்.

சின்ன உப்பல்களை எண்ண ஆரம்பித்தார். ஏழில் நிறுத்திவிட்டார்.

வெளியே ஹாரன். வேன்காரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன மீட்டர், பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? எல்லாம் பாத்தாச்சுல்ல? ஏத்தலாமா?"

சொல்ல வேண்டும். பல்பை எடு என்று. இன்னும் அரை மணி நேரம் நில் என்று. நாக்கு எழுந்தது.

"பாத்தாச்சு," என்றது அவர் வாய். "எல்லாம் நல்லதுதான்."

வேன்காரன் முதலில் கீழ்த்தட்டுக்குத்தான் குனிந்தான். பள்ளிக்கூடத்துப் பேட்டரியைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். சீட்டியடித்துக்கொண்டே வாசலுக்கு நடந்தான். அவன் சட்டைத் துணியில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன, எழுந்தன. எல்லாம் ஒரே நேரத்தில். விடாமல்.