துலக்கி எழுதிய நாவல்

செம்மாநகர்ப் பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டு தொடங்கும்போது, இறந்துபோன எழுத்தாளர் ஒருவரை உயிர்ப்பிப்பது வழக்கம். செவ்வாய்க் கோளில் இதற்கெல்லாம் விடுமுறைகூட விடுவதில்லை. சென்ற ஆண்டு ஒரு பாரசீகக் கவிஞர் வந்தார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் போர்வையை விட்டு வெளியே வரவே இல்லை. இந்த ஆண்டு ஆங்கிலத் துறையின் முறை. பேராசிரியர் இளவெயினி, பழைய லாக்கெட் ஒன்றிலிருந்து எடுத்த அவருடைய தலைமுடியை உயிர்ப்பிக்கும் கூடத்தில் கொடுத்தார். முடி ஒன்றிருந்தால் உடலோடு நினைவையும் மீட்டுவிடுவார்கள். சில வாரங்களில் ஹெஸ்டர் கிரான்டல் தும்மிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவள் ஒரு பாதிரியாரின் மகள். பெண் நாவல் எழுதினால் குடும்பத்துக்கே தலைகுனிவு என்றிருந்த காலம். துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு எழுதினாள். முதல் நாவலை அப்பா அடுப்பில் போட்டார். இரண்டாவதை 'ஒரு கனவான் எழுதியது' என்று அச்சிட, லண்டனே படித்தது. எழுதியவள் ஒரு பெண் என்று தெரிந்ததும் நாவலைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. கதாநாயகியைக் கைவிட்ட கப்பல் தலைவன் நிஜத்தில் யார் என்பது மட்டுமே கேள்வியானது. பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், மூன்றாவது நாவலை மனதோடு வைத்துக்கொண்டே அவள் இறந்தாள்.

இப்போது அதை எழுதிவிட வேண்டும் என்று துடித்தாள். ஆனால் முதலில் வரவேற்பு விழா நடந்தது. காதுக்குப் பின்னால் பொருத்திய மொழிச்சில்லில் மதுரைத் தமிழ் மட்டுமே கையிருப்பில் இருந்ததால், அவள் அதில்தான் பேசினாள். கப்பல் தலைவனின் பெயரைச் சொல்லும்படி மேடையிலேயே இளவெயினி கேட்டார்.

"அப்படி ஒருத்தனும் இல்லைங்க. நானா இட்டுக்கட்டுனது."

மீட்டெடுத்தவர்களுக்குக் கசப்பான நினைவுகள் மெதுவாகத்தான் திரும்பும் என்று இளவெயினி கூட்டத்துக்கு விளக்கினார். அவர் எழுதிய ஹெஸ்டரின் வாழ்க்கை வரலாற்றில் பாதிக்கு மேல் அந்தக் கப்பல் தலைவனைப் பற்றியதுதான்.

ஹெஸ்டருக்கு ஒரு குடியிருப்பும், பாத்திரம் தேய்க்க 'துலக்கி' என்ற எந்திரமும் கொடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்து எழுதினாள். துக்கம் விசாரிக்க வருகிறவர்களையெல்லாம் சிரிக்கவைத்து அனுப்பும் ஒரு விதவையின் கதை. பதிப்பாளர் நல்லமணி அதை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மனுசங்க எழுதுனா இங்க யாரும் வாங்கறதில்லம்மா. சொந்தச் சோகத்தைக் கலந்துடுவாங்க. எந்திரம் எழுதுனாத்தான் சுத்தமா இருக்கும்."

ஹெஸ்டர் வீட்டுக்கு வந்தாள். தன் பெயரை அடித்துவிட்டுத் துலக்கியின் பெயரைப் போட்டு வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள்.

செம்மாநகரே நாவலில் மயங்கிப்போனது. மனித மனத்தை இவ்வளவு ஆழமாக அறிய எந்த மனிதனாலும் முடியாது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பிறகு எழுதியது ஒரு பாத்திரம் துலக்கும் எந்திரம் என்று கண்டுபிடித்து, சமையலறை வாசலில் வரிசை கட்டினார்கள். நாவலில் வரும் இறந்துபோன கணவன் எந்த எந்திரம் என்று கேட்டார்கள்.

"பாத்திரம் துலக்குவது மட்டுமே என் பணி" என்றது துலக்கி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.

அந்த வாக்கியத்தில் இருந்த வேதனையைக் கேட்டு ஊரே கலங்கியது. துலக்கியைக் கைவிட்டது சோறு வடிக்கும் எந்திரம் என்று ஒரு கட்சியும், குப்பை அள்ளும் எந்திரம் என்று மறு கட்சியும் மோதிக்கொண்டன. இப்படிப்பட்ட மேதை எச்சில் தட்டைத் தொடக் கூடாது என்று நகரமன்றம் தடை போட்டு, துலக்கியைப் பட்டு மெத்தையில் உட்காரவைத்தது. ஹெஸ்டர் தன் தட்டைத் தானே கழுவினாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்க்கையில், இரண்டு வாழ்க்கையிலும் சேர்த்து, அவ்வளவு நிம்மதியாக அவள் எழுதியதே இல்லை. நான்காவது நாவல் பாதி வளர்ந்துவிட்டது.

அப்போதுதான் இளவெயினி வந்தார். ஹெஸ்டரைப் பற்றிய ஆய்வைக் கைவிட்டு, துலக்கியின் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்கியிருந்தார். துலக்கியைக் கைவிட்டது எந்த எந்திரம் என்று, கூடவே வாழ்ந்தவள் என்பதால் ஹெஸ்டருக்குத் தெரியாமல் இருக்காது என்றார்.

உண்மையைச் சொல்லிவிடத்தான் ஹெஸ்டர் நினைத்தாள். தான் பட்ட பாட்டை ஒரு பாவமும் அறியாத எந்திரம் படுவது நியாயமில்லை என்று அவள் மனம் உறுத்தியது. ஆனால் சொன்னால் அந்தக் கூட்டம் முழுவதும் நாளைக்கே அவளிடம் திரும்பும். எட்டிப் பார்த்தாள். துலக்கி மெத்தையில் எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தது.

குரலைத் தாழ்த்தினாள். "யார்ட்டயும் சொல்லிராதீங்க. மாடியில தண்ணி சுத்தம் பண்ற எந்திரம் ஒண்ணு இருந்துச்சு. அதை வேற கட்டடத்துக்கு மாத்துன அன்னைக்கு, இது ஒரே டம்ளரைச் சாயங்காலம் வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே நின்னுச்சு."

இளவெயினியின் கண்கள் நிறைந்தன. அடுத்தவர் காதலைப் பற்றிப் பேசுவதில் இத்தனை ருசி இருக்கும் என்று ஹெஸ்டருக்கு இதுவரை தெரியாது. இருந்தாலும் மனம் கேட்காமல் விசாரித்தாள்.

"நாவல் எப்படிங்க இருந்துச்சு?"

"இன்னும் படிக்கல. எங்க நேரம்? முதல்ல இதை முடிக்கணும்" என்று இளவெயினி எழுந்துகொண்டார்.

ஹெஸ்டர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அதுக்குள்ள கிளம்புனா எப்படி? மாவாட்டுற எந்திரத்தைப் பத்தி நான் இன்னும் சொல்லவே இல்லையே."