படுத்துக்கிட்ட முக்கோணம்

"இன்னும் அஞ்சே நிமிஷம்!"ன்னு மிஸ் கோ சொன்னதும் வகுப்பே பரபரன்னு எழுத ஆரம்பிச்சிடுச்சு.

இன்ஷிராவுக்குக் கடைசிக் கணக்கு பாக்கி. ஆனா அவ கண்ணு ஏழாவது கணக்கைவிட்டு நகரவே மாட்டேங்குது.

ஆறாம் வகுப்புப் பெரிய பரீட்சைக்கு முன்னாடி வைக்கிற மாதிரித் தேர்வு இது. ஒரு கணக்கு தப்பானாலும், விட்டாலும் சனிக்கிழமை கூடுதல் வகுப்பு. இந்தச் சனிக்கிழமைதான் அவளோட பூப்பந்து இறுதிப் போட்டி!

ஏழாவது கணக்கு இதுதான்: ஒரு முக்கோணத்துல ரெண்டு பக்கம் சமம். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைப்போல ரெண்டு மடங்கு. சுற்றளவு இருபது சென்டிமீட்டர். நீளமான பக்கம் எவ்வளவு?

சின்னப் பக்கத்தை x-ன்னு வெச்சா, x, x, 2x. மொத்தம் 4x. அப்போ x அஞ்சு. நீளமான பக்கம் பத்து. கீழே கொடுத்திருக்கிற விடைகள்லயும் பத்து இருக்கு. அதையே போட்டா.

'சரி, ஆனா அந்த முக்கோணம் பார்க்க எப்படி இருக்கும்?'

கை சும்மா இருக்குமா? பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டா. ரெண்டு முனையிலேருந்தும் அஞ்சு அஞ்சு அளந்தா. அட! கோட்டு மேலயே நடுவுல வந்து முட்டுது. கொஞ்சம் மேல தூக்கினா ரெண்டும் ஒட்டவே இல்லை!

'இது முக்கோணமே இல்லையே!'

அப்போ 2x, 2x, x. மொத்தம் 5x. x நாலு. நீளமான பக்கம் எட்டு! பத்தை அழிச்சு எட்டு போட்டா. மணி அடிச்சிடுச்சு. கடைசிக் கணக்கு வெள்ளையாவே கிடந்துச்சு.

பள்ளி உணவகத்துல அவ வகுப்புத் தோழன் ஜுன் காய், குச்சியில குத்திச் சுட்ட சாத்தே கோழியைக் கடிச்சுக்கிட்டே சொன்னான், "ஏழாவது பத்துதானே? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டேன்."

"அதான் தெரியுதே!"

இன்ஷிரா ஒரு சாத்தே குச்சியை வெச்சா. அதே நீளத்துல இன்னொண்ணைச் சரிபாதியா உடைச்சுக் கொடுத்தா. "இந்த மூணையும் வெச்சு முக்கோணம் பண்ணு, பார்ப்போம்."

ஜுன் காய் திருப்பினான், சாய்ச்சான், கையெல்லாம் குழம்பு பூசினதுதான் மிச்சம். "ஏய், இது படுத்துக்கிச்சுடி!"

வெள்ளிக்கிழமை மிஸ் கோ விடைத்தாளைக் கொடுத்தாங்க. "ஏழாவது கணக்குல ஒருத்தரைத் தவிர எல்லாரும் பத்து. நாளைக்கு எல்லாரும் வகுப்புக்கு வாங்க!"

"ஐயோ மிஸ்!"

"இன்ஷிரா, எட்டு போட்டது நீ மட்டும்தான். ஆனா கடைசிக் கணக்கை ஏன் விட்டே?"

"நேரம் பத்தலை மிஸ். இந்த முக்கோணம் நிக்குமா நிக்காதான்னு பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

மிஸ் கோ எழுதுகோலை அவகிட்ட நீட்டினாங்க. "கடைசிக் கணக்கை இப்போ பலகையில போடு. சரியா வந்தா நாளைக்கு வர வேண்டாம்."

இன்ஷிரா கடகடன்னு போட்டா. சரியாவே வந்துச்சு. பையைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போனவ, டக்குன்னு நின்னு திரும்பினா.

"மிஸ், நாலு பக்கம் இருந்தா அதுவும் படுத்துக்குமா?"

"முதல்ல போய் ஜெயிச்சுட்டு வாம்மா!"ன்னு மொத்த வகுப்பும் கத்துச்சு.