சபையின் பிடியரிசி

மாங்கின் மனைவி தியால் மூச்சிரைக்க வந்து நின்றபோது, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ரால் சுங் அடுப்போரம் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். அவருடைய தங்கை மகள் நுன் சுயி பக்கத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும், ஊரில் எது காணாமல் போனாலும் மாமாவின் பின்னால் ஓடுவதில் அவளுக்கு அலாதிக் குஷி.

"சபை அரிசிய என் வீட்டுக்காரர் திருடிட்டாராம், அண்ணே. வீட்டுல ஒரு மூட்டை இருக்குதாம், அதான் சாட்சியாம்! வயல்ல வெளஞ்சதுன்னா யாரு கேக்குறாங்க? ஞாயித்துக்கெழம எங்களச் சபைய விட்டே தள்ளப்போறாங்க."

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று டப்பாவில் போடுவது அந்த மலையூரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஞாயிறன்று டப்பாக்களைச் சபைப் பெட்டியில் கொட்டுவார்கள். நிறைந்திருந்த அந்தப் பெட்டிதான் போன வாரம் காலியாகக் கிடந்தது.

தியாலின் வீட்டில் ரால் சுங் மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளிக் காட்டினார்.

"என்ன தெரியுது, சுயி?"

"வெள்ளரிசி. வேற என்ன?"

"வேற ஒண்ணும் இல்லல்ல? சபை அரிசி எப்படி இருக்கும்?"

சுயி துள்ளினாள். "கதம்பமா இருக்கும்! ஒரு வீட்டுல செவப்பு, ஒரு வீட்டுல குருணை, ஒரு வீட்டுல ஒட்டரிசி... அப்ப இது சபை அரிசியே இல்ல, மாமா!"

"ஆனா எடுத்தவன் சிக்காம மாங் மேல உள்ள பழி போகாது. ஞாயித்துக்கெழம யாரும் டப்பாவக் கொட்ட வேண்டாம், கையிலயே வெச்சிருக்கட்டும். எந்த டப்பாவுல கதம்பம் இருக்குதோ, அந்த வீடு."

"திருடின அரிசியிலயா ஆண்டவருக்குப் பிடி போடுவாங்க?"

"போடுற கைக்கு அது தெரியாதே, புள்ள."

சுயியின் சிரிப்பு அப்படியே நின்றது. சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று அவள் கணவர், சபை மூப்பர் பிக் லியான், கொண்டுவந்து இறக்கிய அரிசி கண்முன் வந்தது. சிவப்பும் வெள்ளையும் குருணையும்.

வீட்டில் அவள் கேட்டபோது பிக் லியான் மறைக்கவில்லை. "நம்ம வயல் பொய்ச்சுப்போச்சு. மூப்பன் வீட்டுல அரிசி இல்லன்னு எந்த வாயால சொல்லுவேன்? பக்கத்து வீட்டுல ஒரு டப்பா கைமாத்து வாங்கிட்டுப் போயிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"மாங்குக்குத் தெரியுமே, தான் திருடலன்னு. அந்த டப்பாவ வெச்சுக்கிட்டு ஆண்டவர் முன்னால எப்படிங்க நிப்பேன்?"

ஞாயிறன்று ரால் சுங் சபை முன்னால் மூட்டைக் கதையை நிதானமாக விளக்கினார். பிறகு வரிசையாக டப்பாக்களைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். சுயி பிள்ளைகளை நினைத்தாள். மூப்பர் என்று ஊர் கொடுக்கும் மரியாதை இன்றோடு போய்விடும் என்று நினைத்தாள். அவர் அவளிடம் வந்து சேர இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"பாக்க வேண்டாம், மாமா. கதம்பம் எங்கிட்டதான் இருக்கு. மாங் எடுக்கல. சபை அரிசிய எடுத்தது எங்க வீடு."

ஆண்கள் பக்கத்தில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிக் லியான் எழுந்து மாங்கின் முன்னால் போய் நின்றார்.

"அவ சொன்னதுல ஒண்ணு தப்பு," என்றார். "எங்க வீடு இல்ல. நான்."