வெளிச்சவீட்டு இரகசியம்

பள்ளிக்கூட இல்லங்களின் விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் ஏழே நாள், ஒரு கிழமைதான். மர்வா இல்லத் தலைவன் ஹாதிக் மண்டபத்தில் மைக்கைப் பிடித்தான். கூடியிருந்தது இருபதே பேர். ஆனாலும் மைக் இல்லாவிட்டால் அவனுக்குப் பேச்சு வராது.

"மர்வாவின் சிங்கங்களே! கூடார அலங்காரப் போட்டிக்கு நமது கூடாரத்தில் ஒலுவில் கடற்கரை வெளிச்சவீட்டை எழுப்பப் போகிறோம். இது இரகசியம். உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது!"

ஆறாம் வகுப்புச் சிங்கமான சிபானாவுக்கு வயிற்றில் இரகசியம் தங்கவில்லை. வகுப்புக்கு ஓடிவந்து பாஹிமாவின் காதில் ஊதினாள். பாஹிமா எதிரணியான சபா இல்லம். ஆனால் முதலாம் வகுப்பிலிருந்து இருவரும் உட்காருவது ஒரே வாங்கில்.

"அப்படியாகா!" பாஹிமா கண்ணை அகல விரித்துச் சத்தியம் செய்தாள். "வல்லாஹி, ஒருத்தருக்கிட்டயும் சொல்லமாட்டன்."

மூன்றாம் நாள் பார்த்தால், சபா கூடாரத்திலும் ஒரு வெளிச்சவீடு எழும்பிக்கொண்டிருந்தது!

"ஆரோ காட்டிக் குடுத்திட்டாங்க!" ஹாதிக் குதித்தான்.

சிபானா நேரே போய், "துரோகி!" என்று பாஹிமாவிடம் சொன்னாள். வேறு வாங்குக்கு மாறினாள்.

புது வாங்கில் மாங்காய் இருந்தது, உப்புத்தூளும் இருந்தது. பாதி கடித்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் இரண்டாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. காலைக் கூட்டம். அதிபரின் பேச்சு அவ்வளவு நீளம். நின்றபடியே சிபானாவின் சீருடை நனைந்துபோனது. பாஹிமா சட்டென்று தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இருவர் மேலும் ஊற்றினாள்.

"சேர், போத்தல் கவுண்டிட்டு!"

ஏச்சு வாங்கியதும் அவள்தான். இன்றுவரை அந்தக் கதை இன்னொரு காதுக்குப் போகவில்லை.

அதையே சொல்லாத வாயா இதைச் சொல்லியிருக்கும்?

அன்று பின்னேரம் சிபானா மர்வாவின் நீலச் சட்டையோடு சபாவின் பச்சைக் கூடாரத்துக்கு நடந்தாள்.

"எதிரிக்கிட்டயா போறாய்?" ஹாதிக் கத்தினான். அவள் திரும்பவில்லை.

பாஹிமா மூலையில் தனியாக அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லல்லதானேகா?"

"இல்ல."

"அப்ப ஆரு?"

பாஹிமா கத்தரிக்கோலால் வேப்பமரத்தைக் காட்டினாள். அதில் ஒலிபெருக்கி கட்டியிருந்தது.

"உங்கட சிங்கம் மண்டபத்துல கதைச்சதெல்லாம் இங்கதான் கேட்டிச்சு. நாங்க எல்லாரும் அணிநடை பழகிட்டு நிண்டம்."

"அப்ப நான் சொல்லக்குள்ளயே உனக்குத் தெரியுமா?"

"ஓம். நீ அவ்வளவு ஆசையாச் சொன்னாய். தெரியும் எண்டு எப்படிகா சொல்ற?" பாஹிமா குனிந்தாள். "நாம வேற ஏதும் செய்வம் எண்டு எங்கட ஆக்களுக்கிட்டயும் சொன்னன். அவங்களும் என்னத் துரோகி எண்டுட்டாங்க."

சிபானா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தாள்.

"மன்னிச்சிருகா. அந்தப் போத்தல யோசிச்சுத்தான் வந்தன்."

"எந்தப் போத்தல்?" என்றாள் பாஹிமா.